செத்த மூளைக் கலம் திரும்ப முளைக்குமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மூளைக் கலங்களைப் பற்றிக் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். வந்த கேள்விகளில் பாதி தலைவலிக்கு மருந்து கேட்டவை. நான் டொக்டர் இல்லை, உடற்றொழிலியல் படிப்பிக்கிறவள். மருந்து எழுதித் தரமாட்டேன். மற்றவற்றுக்குப் பதில் கீழே.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா: நாங்கள் படித்த காலத்தில், மூளைக் கலம் செத்தால் செத்ததுதான் என்று படிப்பித்தார்கள். மகனுடைய ரியூசன் சேர் புதிது உருவாகும் என்கிறாராம். எது சரி டீச்சர்?

உங்களுக்குப் படிப்பித்தது ஸ்பெயின்காரர் ரமோன் இ கஹாலின் தீர்ப்பு. நுணுக்குக்காட்டியில் மூளையைப் பார்த்து வரைந்தே 1906இல் நோபல் பரிசு வாங்கியவர். வளர்ந்த மூளையில் எல்லாம் சாகலாம், எதுவும் திரும்ப முளைக்காது என்று அவர் எழுதியது பல பத்தாண்டுகள் வேதவாக்காக இருந்தது. 1962இல் ஜோசப் ஆல்ட்மன், வளர்ந்த எலியின் மூளையில் புதிய நரம்புக் கலங்கள் உருவாகும் அறிகுறியைக் காட்டினார். பெரிதாக ஒருவரும் காது கொடுக்கவில்லை. 1980களில் கனேரிக் குருவியின் பாட்டுக்குரிய மூளைப் பகுதியில் புதிய கலங்கள் சேர்வதை பெர்னாண்டோ நொட்டபோம் காட்டிய பிறகுதான் பலர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மனிதரில் முதல் சான்று 1998இல் வந்தது. சுவீடனில் புற்றுநோயாளர் சிலருக்கு, கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று பார்க்க ஓர் அடையாளப் பொருள் ஏற்றியிருந்தார்கள். பிரியும் கலத்தின் டிஎன்ஏயில் அது ஒட்டிக்கொள்ளும். அவர்களில் ஐந்து பேர் இறந்தபின் மூளையைப் பார்த்தால், ஞாபகத்துக்குரிய ஹிப்போகம்பஸ் பகுதி நரம்புக் கலங்களிலும் அந்த அடையாளம் இருந்தது.

எனக்குப் பிடித்த சான்று வேறு. 1955 முதல் 1963 வரை திறந்த வெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் காபன்-14 என்ற கதிரியக்கக் காபன் ஏறியது, பிறகு படிப்படியாக இறங்கியது. அது பயிருக்குப் போய், சோற்றுக்குப் போய், அந்த நேரம் பிறந்த கலத்தின் டிஎன்ஏயில் தங்கிவிடும். பால்மா பைக்கற்றில் திகதி அடித்த மாதிரி. 2013இல் யோனாஸ் ஃப்ரீசனின் குழு இந்தத் திகதியை வாசித்து, ஒவ்வொரு பக்க ஹிப்போகம்பஸிலும் நாளுக்குச் சுமார் 700 நரம்புக் கலங்கள் சேர்கின்றன என்று கணக்கிட்டது. குண்டு போட்டவர்கள் நினைத்தும் பார்த்திராத உபயோகம்!

ரியூசன் சேர் வென்றுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 2018இல் ஒரு குழு, வளர்ந்தவர் மூளையில் தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. அடுத்த மாதமே இன்னொரு குழு, 79 வயதுவரை இருக்கிறது என்றது. 2019இல் மத்ரித் குழு ஒரு காரணம் காட்டியது: மூளைத் துண்டை எவ்வளவு நேரம் இரசாயனத்தில் ஊறவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து இளம் கலத்தின் அடையாளம் அழிந்துபோகும். 2025இல் ஃப்ரீசன் குழு, பிரிந்துகொண்டிருக்கும் தாய்க்கலங்களையே வளர்ந்தவர்களில் கண்டது. ஆனால் சிலரில் நிறைய, சிலரில் கிட்டத்தட்ட இல்லை.

என் கருத்து: உருவாகிறது, கொஞ்சமாக, ஆளுக்கு ஆள் வித்தியாசமாக. இதையும் மனதில் வையுங்கள்: உயிரோடு இருப்பவரின் மூளையில் புதுக் கலத்தை எண்ணிக் காட்டும் ஸ்கேன் இன்னும் இல்லை. கீழே பல கேள்விக்கு இதுதான் விடை.

கொட்டாஞ்சேனை, ஒரு தம்பி: அப்பாவுக்கு பாரிசவாதம் வந்து மூன்று மாதம். வலது கை கொஞ்சம் அசைகிறது. செத்த கலம் முளைக்கிறதா அக்கா?

இல்லை தம்பி. செத்த இடத்தில் புதுக் கலம் வந்து நிரப்புவதில்லை. பக்கத்தில் பிழைத்த கலங்கள் புதுத் தொடுப்புகள் போட்டு வேலையைப் பொறுப்பெடுக்கின்றன. கடையில் ஒருவர் நின்றுவிட்டால் மற்றவர் கல்லாவையும் பார்த்துக்கொள்வது போல. முதல் சில மாதங்களில் இது வேகமாக நடக்கும், அதற்குப் பிறகும் அடியோடு நிற்காது. அந்தத் தொடுப்பு பழகப் பழகத்தான் உறுதியாகும். அப்பாவுக்கு நீங்கள் ஊட்டிவிடுகிறீர்கள் என்றால், பிசியோதெரபி செய்பவரிடம் கேட்டுவிட்டு வலது கையால் சாப்பிட விடுங்கள். சோறு சிந்தட்டும்.

தெஹிவளை: தினமும் வல்லாரைச் சம்பல் சாப்பிட்டால் மூளைக் கலம் வளரும் என்று அம்மம்மா சொல்கிறா.

எலிக்கு வல்லாரைச் சாறு கொடுத்த ஆய்வுகள் இருக்கின்றன. மனிதரில் புதுக் கலம் வந்ததென்று யாரும் எண்ணிக் காட்டவில்லை, மேலே சொன்ன காரணம்தான். தேசிக்காய்ப் புளி விட்டு, தேங்காய்ப்பூ போட்ட சம்பலுக்கு எந்த ஆய்வும் தேவையில்லை. சாப்பிடுங்கள்.

பம்பலப்பிட்டி: ஊசி போட்டால் புது மூளைக் கலம் வரும் என்று ஒரு இடத்தில் ஐந்து இலட்சம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். எண்ண முடியாத சாமானை விற்கிறார்கள்.

மருதானை, ஒரு ஐயா: மாலையில் காலிமுகத்திடலில் நடக்கிறேன். ஏதும் பலன்?

1999இல் சக்கரத்தில் ஓடவிட்ட எலிகளின் ஹிப்போகம்பஸில் புதுக் கலங்கள் கூடின. மனிதரில், 2011இல் 120 முதியவர்களை வைத்துப் பார்த்தார்கள். கிழமைக்கு மூன்று நாள், நாற்பது நிமிடம் வரை நடந்தவர்களின் ஹிப்போகம்பஸ் ஒரு வருடத்தில் சுமார் 2 வீதம் பெருத்தது. வெறும் நீட்டி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் சுருங்கியது. பெருத்தது புதுக் கலத்தாலா, இரத்தக் குழாயாலா, தொடுப்புகளாலா என்று ஸ்கேன் சொல்லாது. நீங்கள் நடவுங்கள் ஐயா. திரும்பும்போது இறால் வடைக் கடையில் நிற்பது உங்கள் விருப்பம்.

கிராண்ட்பாஸ்: கொவிட் வந்தபோது மணம் போய், பிறகு திரும்பியது. அது எப்படி?

அது மூளையில்லை, மூக்கு. மூக்கின் மேற்பகுதியில் உள்ள மண நரம்புக் கலங்கள் வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கப்படுகின்றன. கொவிட் பெரும்பாலும் தாக்கியது அவற்றைத் தாங்கும் பக்கக் கலங்களை. அவை திரும்ப வளர்ந்ததும் பலருக்கு மணமும் வந்துவிட்டது.

புறக்கோட்டை, ஓட்டோ ஓட்டும் ஒரு அண்ணா: லண்டன் டக்சிக்காரருக்கு மூளை பெரிதாம். எங்களுக்கும் அப்படித்தானோ?

2000இல் வந்த அந்த ஆய்வில் ஹிப்போகம்பஸின் பின்பகுதிதான் பெரிதாக இருந்தது, முழு மூளையும் இல்லை. முன்பகுதி சிறுத்திருந்தது. பிறகு, லண்டன் தெருக்களைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதப் போனவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, சித்தியடைந்தவர்களில் மட்டும் அது வளர்ந்திருந்தது. அவர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனதில் வைத்திருந்தார்கள் அண்ணா. நீங்கள் கைபேசி காட்டுகிற வழியில் போகிறீர்களா, உங்கள் வழியில் போகிறீர்களா? அதைச் சொன்னால் மிச்சத்தைக் கதைக்கலாம்.