நியூரம்பெர்க் ரெய்டுல ஒரே ராத்திரி அத்தனை பாம்பர் எப்படி போச்சு?

ரெண்டாம் உலகப் போர்ல, 1944 மார்ச் 30 ராத்திரி பிரிட்டிஷ் பாம்பர் கமாண்ட் (குண்டு போடுற விமானப் படை) ஜெர்மன் ஊரான நியூரம்பெர்க்குக்கு 795 விமானம் அனுப்புச்சு, அதுல 95 திரும்பவே இல்ல. ஏன் இவ்ளோன்னு கேட்டிருக்கீங்க. முக்கியமா நிலா வெளிச்சம். மேகம் மறைச்சுக்கும்னு நம்பித்தான் கிளப்புனாங்க, ஆனா போற வழி பூரா வானம் பளிச்சுன்னு கெடந்துச்சு, குளிர்ல ஒவ்வொரு விமானத்துக்குப் பின்னாடியும் வெள்ளைக் கோடு வேற விழுந்துச்சு, ரூட்டும் 400 கிலோமீட்டருக்கு மேல வளைவே இல்லாத நேர்கோடு, அதுவும் ஜெர்மன் நைட் ஃபைட்டருங்க (ராத்திரி சண்டை விமானங்க) கூடி நிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே. இப்படி ஒரு ரூட்ட அந்த நிலாவுல குடுத்தத என்னால ஏத்துக்கவே முடியல.

ஃபைட்டர்ல மேல பாத்து சாய்ச்சு வச்ச பீரங்கி இருந்துச்சு, சத்தமில்லாம அடியில வந்து றெக்கையில இருக்கற பெட்ரோல் டேங்க்ல சுடுவான். பிரிட்டிஷ் பாம்பரான லங்காஸ்டர் பெரும்பாலானதுல அடிப்பக்கம் துப்பாக்கியே கிடையாது, சுட்டது யாருன்னே தெரியாம உள்ள இருக்கற ஏழு பேரும் போயிடுவாங்க. அன்னிக்கு மட்டும் பாம்பர்ல போனவங்க 500 பேருக்கு மேல செத்தாங்க, நியூரம்பெர்க்ல பெருசா சேதமும் இல்ல.

அன்னிக்குப் போன ஹாலிஃபாக்ஸ் (இன்னொரு வகை பிரிட்டிஷ் பாம்பர்) பைலட் சிரில் பார்ட்டனுக்கு வயசு 22. உள்ள பேசிக்கற இன்டர்காம் போயி, தப்பா புரிஞ்சுக்கிட்டு வழி சொல்ற நேவிகேட்டரோட சேத்து மூணு பேர் குதிச்சிட்டாங்க, அப்பவும் அவர் விமானத்த இங்கிலாந்து வரைக்கும் கொண்டு வந்துட்டாரு. தரையில மோதி அவர் இறந்துட்டாரு, கூட இருந்த மூணு பேரும் பொழச்சாங்க.