பிக்கப்பில் ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. யூனிட்டையே மாற்ற வேண்டுமா?

பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறீர்கள், மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, பட்டறையில் யூனிட் போய்விட்டது என்கிறார்கள், இப்படியே தொப்பூர் மலைப்பாதையில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏபிஎஸ் என்பது பிரேக் மிதிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு, யூனிட் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் நான்கு சக்கரத்தையும் பாருங்கள். இந்த விளக்கு எரிந்தால் பெரும்பாலும் கோளாறு சென்சாரிலோ, வயரிலோ, பல்வளையத்திலோதான் இருக்கும்.

சக்கரத்தோடு ஒரு பல்வளையம் சுற்றுகிறது. அதற்கு எதிரே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சென்சார் உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லும் கடப்பதை எண்ணுகிறது. பிரேக் மிதிக்கையில் ஒரு சக்கரத்தின் வேகம் மட்டும் சட்டென்று விழுந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை யூனிட் நொடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கும். பெடல் காலில் அதிர்வதும் கறகறவென்று சத்தம் வருவதும் அதனால்தான். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், விட்டு விட்டு மிதிக்கவும் வேண்டாம். அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்.

சாவி போட்டதும் விளக்கு எரிந்து சில நொடியில் அணைவதுதான் முறை. மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்க ஆள் இருக்காது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் லோடோடு நகர்த்தவே வேண்டாம். ஆயில் குறைந்திருக்கலாம், பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி குறுக்கே திரும்பவும் கூடும்.

ஏபிஎஸ் கோடு, அதாவது யூனிட் பதிந்து வைக்கும் கோளாறு எண், படிக்கும் ஸ்கேனர் வேண்டும். எஞ்சின் கோடு மட்டும் காட்டும் சின்னக் கருவி உதவாது. வண்டியை 20 கிமீ வேகத்தில் ஓட்டிக்கொண்டே நான்கு சக்கர வேகத்தையும் திரையில் பார்க்கச் சொல்லுங்கள். எது மற்றவற்றோடு ஒட்டாமல் பூஜ்யத்துக்கு விழுகிறதோ, அந்தச் சக்கரத்தைக் கழற்றுங்கள்.

முதலில் வயர். முன்னால் ஸ்டியரிங் திரும்பும்போது மடங்கும் இடம், பின்னால் வில் பட்டை அருகே உரசும் இடம், வயர் இணையும் கப்ளருக்குள் பச்சை பிடித்த பின். அறுந்திருந்தால் முறுக்கி டேப் சுற்றாதீர்கள், ஒரு மழைக்குத் தாங்காது. அடுத்தது சென்சார். அதன் நுனியில் காந்தம் இழுத்த இரும்புத்தூள் தாடி போல ஒட்டியிருக்கும், துணியால் வழித்தெடுங்கள். துருவில் சிக்கியிருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து, ஊறவிட்டு, இடவலமாகத் திருப்பி எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடும். அது உட்காரும் குழியை எமரி பேப்பரால் சுத்தம் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே துரு மேடிட்டால் சென்சார் தூக்கிக்கொண்டு நிற்கும், இடைவெளி கூடிவிடும். பிறகு சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, வளையத்தில் உடைந்த பல்லோ, விரிசலோ, தோட்டத்துப் பாதையில் அப்பிய செம்மண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வகைச் சுருள் சென்சாராக இருந்தால் மல்டிமீட்டரில் பொதுவாக ஆயிரம் ஓமை ஒட்டிக் காட்டும். இடதையும் வலதையும் ஒப்பிட்டாலே போதும். யூனிட்டிலிருந்து மின்சாரம் வாங்கும் புதிய வகைக்கு ஓம் சோதனை வேண்டாம், கெட்டுப்போகலாம்.

மண்டி வாசலில் மெதுவாக நிறுத்தும்போது காரணமில்லாமல் பெடல் அதிர்கிறதா? ஒரு சென்சாரின் சிக்னல் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம். ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பெயரிங் ஆடினால் வளையமும் ஆடும். பல்வளையத்துக்குப் பதில் காந்த வளையம் உள்ள பெயரிங்கை அண்மையில் மாற்றியிருந்தால், அந்த வளையம் உள்ள பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டார்களா என்றும் கேளுங்கள்.

தொப்பூருக்கு வருகிறேன். ஏபிஎஸ் சரியாக இருந்தாலும் கொதித்துப்போன ஆயிலை அது காப்பாற்றாது. புதிய டாட் 4 வகை பிரேக் ஆயில் கொதிப்பது 230 டிகிரிக்கு மேல். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி வரை இறங்கிவிடும், அப்போது பெடல் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும்போது பிரேக் ஆயில் டப்பா காலியாகக் கூடாது. யூனிட்டுக்குள் காற்று புகுந்தால், பல வண்டிகளில் ஸ்கேனர் போட்டு வால்வைத் திறந்துதான் வெளியேற்ற முடியும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாம் கியருக்கோ இரண்டுக்கோ வந்துவிடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதை எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள்.

யூனிட்டைச் சந்தேகிக்க வேண்டியது பெரும்பாலும் ஒரு நிலைமையில்தான்: கோடு பம்ப் மோட்டாரையோ வால்வையோ காட்ட வேண்டும், ஃப்யூஸ், எர்த், பேட்டரி வோல்ட் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பாடியில் வெல்டிங் வைத்த பிறகு விளக்கு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இனி வெல்டிங் என்றால் பேட்டரி ஒயரையும் யூனிட் கப்ளரையும் கழற்றிய பிறகுதான்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் கோளாறுக் கோடை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள், சில மாடல்களில் வண்டி நகர்ந்த பிறகே விளக்கு அணையும். பிறகு லோடு இல்லாமல், ஆளில்லாத சாலையில் 30 கிமீ வேகத்தில் ஓங்கி மிதித்துப் பாருங்கள். பெடல் அதிர்ந்து, சாலையில் டயர் கோடு விழாமல் நேராக நிற்க வேண்டும்.