தெருமுனை எருக்கஞ்செடி போதும்!

கேள்வி: தாம்பரம் பக்கம் வாடகை வீடு. லீவுக்கு ஊட்டி கொடைக்கானல்னு போக வசதியில்ல, கேமராவும் இல்ல, போன் மட்டும்தான். வீட்டச் சுத்தி என்னத்தங்க படம் எடுக்கிறது?

பதில்: உங்க தெருவுல காலி மனை ஒண்ணு இருக்கும்ல, அதுல எருக்கு நிக்குதான்னு பாருங்க. மே மாச வெயில்ல மத்ததெல்லாம் கருகிக் கெடக்கும்போதும் அது பாட்டுக்குப் பூத்துக்கிட்டு இருக்கும். ஆரஞ்சு கலர்ல, றெக்கை நுனி மட்டும் கறுப்பும் வெள்ளையுமா ஒரு பட்டாம்பூச்சி அதச் சுத்திச் சுத்தி வரும், வெந்தய வரியன்னு பேரு, அது முட்டை போடுறதே இந்த மாதிரி பால் வடியிற செடிங்கள்லதான். இலைய மெதுவா திருப்பினா கறுப்பு வெள்ளை மஞ்சள்னு பட்டை போட்ட புழு மேஞ்சுக்கிட்டு இருக்கலாம், அந்தப் பாலோட விஷத்த உடம்புல சேத்து வச்சுக்கிறதால குருவிங்க பெரும்பாலும் சீண்டாது, அதான் அதுக்கு அவ்ளோ பகட்டு, ஒளியவே ஒளியாது. படம் எடுக்குற நமக்கு லட்டு!

காலைல ஆறு, ஆறரைக்குப் போயிடுங்க. வெயில் ஏறுற வரைக்கும் பட்டாம்பூச்சி சோம்பலா றெக்கைய விரிச்சு காஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கும், எட்டு மணிக்கு மேல அது பின்னாடி ஓடி வேர்த்துக் கொட்டுறதுதான் மிச்சம். போன்ல ரொம்ப கிட்டப் போய் எடுக்குற மேக்ரோ மோட் இருக்கேன்னு நம்பிடாதீங்க, நிறைய போன்ல ரெண்டு மூணு சென்டிமீட்டர் கிட்ட போனாத்தான் ஃபோகஸ் ஆகும், அதுக்குள்ள பூச்சி பறந்துடும், இல்லன்னா போன் நிழலே விழுந்து கெடுக்கும். அந்த மோட் புழுவுக்கும் பூவுக்கும் சரி, பட்டாம்பூச்சிக்கு ரெண்டடி தள்ளி நின்னு ஜூம் போடுங்க. ஏசி ரூம்லேர்ந்து நேரா வெளிய வந்தா லென்ஸ்ல புகை மாதிரி படியும், கொஞ்ச நேரம் விடுங்க. அப்புறம் முக்கியமா, எருக்கம்பால் பட்ட கையோட கண்ணத் தொட்றாதீங்க, நான் தொட்டுட்டு அரை நாள் அழுதிருக்கேன்.

கேள்வி: சரக்கொன்றை எடுத்தா மஞ்சள் அப்பிவிட்ட மாதிரி வருது, இதழே தெரியல.

பதில்: வெளிச்சம் கூடிப்போனா மஞ்சள் சீக்கிரம் வெந்துடும். பூவ அழுத்திப் பிடிச்சு ஃபோகஸ லாக் பண்ணி, வெளிச்சத்த கொஞ்சம் கீழ இறக்குங்க. கொத்துக்குப் பின்னாடி சூரியன் இருக்குற மாதிரி நின்னு பாருங்க, இதழ்ல நரம்புகூட தெரியும்.

கேள்வி: மதில் மேல ஓணான் கழுத்தெல்லாம் ரத்தச் செவப்பு. நம்ம ரத்தத்த உறிஞ்சுதுன்னு பாட்டி சொல்றாங்க, கிட்ட போலாமா?

பதில்: பாட்டிகிட்ட சண்டை வேணாம், ஆனா ரத்தமெல்லாம் ஒண்ணும் உறிஞ்சாது. இது ஜோடி தேடுற சீசன், ஆண் ஓணான்தான் இப்படி செவந்து போய் தண்டால் எடுத்து பந்தா காட்டும். நேரா நடந்து போனா ஓடிடும், பராக்கு பாக்குற மாதிரி பக்கவாட்டுல நகருங்க, அது கண்ணு மட்டத்துக்குக் குனிஞ்சு எடுங்க.

கேள்வி: பால்கனி துணிக்கொடில தேன்சிட்டு கூடு கட்டியிருக்கு. குஞ்ச எடுக்க இலை தழைய விலக்கலாமா?

பதில்: வேணாம்ங்க. நீங்க அடிக்கடி போய் எட்டிப் பாக்குறத எதிர்வீட்டு மாடிலேர்ந்து காக்காவும் பாத்துக்கிட்டு இருக்கும். ஜன்னலுக்கு உள்ள இருந்தே எடுங்க, துணிய வேற எங்கயாவது காயப்போடுங்க.