பீங்கான் பொம்மை வடிவமைப்பு ஒரு வேலையா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ படிக்கும் மகள் பீங்கான் விலங்கு பொம்மைகளை வடிவமைக்கப் போகிறேன் என்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். ஜெர்மனியின் மைசென் பீங்கான் ஆலை 1731லேயே கெண்ட்லர் என்ற இளம் சிற்பியை இதற்காகச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. மன்னரின் விலங்குக்கூடத்துக்குப் போய், உயிருள்ள மிருகங்களைப் பார்த்து வரைந்துதான் அவர் உருவங்கள் செய்தார்.

கை வண்ணம் மட்டும் போதாது. மைசென் பீங்கான் சுமார் 1400 டிகிரி சூட்டில் வேகும்போது ஆறில் ஒரு பங்கு சுருங்கும், கொஞ்சம் இளகவும் செய்யும். குதிரையின் ஒல்லிக் கால்கள் வயிற்றைத் தாங்காமல் வளைந்துவிடும். பீங்கான் குதிரைகள் பலவற்றின் வயிற்றுக்கடியில் ஒரு மரக்கட்டையோ புதரோ இருப்பது சும்மா அழகுக்கு இல்லை, முட்டுக்கொடுக்கத்தான். அப்புறம் மூல உருவத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். கரைத்த களிமண்ணை அதில் ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். துண்டுகளை அதே களிமண் கரைசலால் ஒட்டுவார்கள். கழுத்தை எந்த இடத்தில் வெட்டினால் ஒட்டு தெரியாது என்று யோசிப்பதும் வடிவமைப்பாளர் வேலைதான்.

சரி, வருமானம்? பொம்மையை மட்டும் நம்பினால் வாய்ப்பு குறைவு. இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊரின் பெஸ்விக் நிறுவனத்தில் ஆர்தர் கிரெடிங்டன் வடிவமைத்த குதிரைகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஆலையை 2002இல் மூடிவிட்டார்கள். அதனால் பாத்திரம், டைல்ஸ், விளக்கு என்று எல்லாப் பக்கமும் போகக்கூடிய படிப்பாகப் பாருங்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் செராமிக்-கண்ணாடி வடிவமைப்புக்கு நான்கு வருட பி.டெஸ் (வடிவமைப்பு இளநிலைப் பட்டம்) இருக்கிறது. என் முதல் தேர்வு அதுதான். உறவினர்கள் செராமிக் இன்ஜினியரிங் என்பார்கள். அது மண், சூளை, வேதியியல் பக்கம். உங்கள் மகள் கேட்பது அது இல்லை.

விண்ணப்பம் பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும், கவனம். அதற்குள் ஒருநாள் விருத்தாசலத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே பீங்கான் பொம்மைப் பட்டறைகள் இருக்கின்றன. அச்சில் ஊற்றுவதையும் பிசிறு சீவுவதையும் நேரில் பார்க்கட்டும். வீட்டில் போன் படத்தைப் பார்த்து வரைவதை நிறுத்திவிட்டு, தெருவில் படுத்திருக்கும் மாட்டை வரையச் சொல்லுங்கள்.