‘கிளாசிக்’ புத்தகம் என்றால் என்ன? தமிழில் மீண்டும் எடுத்துப் படிக்க வேண்டியவை எவை?

எழுதப்பட்ட காலம் போன பின்னும் படிப்பவரைப் பிடித்து நிறுத்தும் புத்தகமே கிளாசிக். பழசாக இருந்தால் மட்டும் போதாது. அதில் வரும் ஆசையும் பயமும் இன்றைக்கும் நம்முடையவையாக இருப்பதால்தான் அது நிற்கிறது.

பாட்டியின் இரும்புத் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பரணில் துரு ஏறிக் கிடக்கும். தேய்த்து எண்ணெய் தடவிப் பழக்கினால், முதல் இரண்டு தோசை ஒட்டும். பிறகு அந்த முறுகல் வேறு எதிலும் வராது. பழைய நடையும் அப்படித்தான், இருபது பக்கம் பொறுக்க வேண்டும்.

தன்வரலாற்றில் என் முதல் பரிந்துரை உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1880-இல் கும்பகோணத்துக்கு நீதிபதியாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். உ.வே.சா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. பழங்காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை! அந்த ஒரு கேள்வி உ.வே.சா.வின் மிச்ச வாழ்க்கையையே பழைய ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பிக்கும் வேலைக்குத் திருப்பிவிட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு படபடக்கும்.

நாவலில் ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’: இரண்டாம் உலகப்போர்க் காலத்து இந்தோனேசியாவின் மேடானும் மலேசியாவின் பினாங்கும் கண்முன் நிற்கும். பயணம் பிடித்தவர்களுக்குச் சிட்டியும் தி.ஜானகிராமனும் காவிரிக் கரையோடு போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’.

கிளாசிக் என்றாலே பண்டிதர்களுக்கானது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வந்தது.