சிமுலேஷனில் இறங்கும் பொடி ஹாப்பரில் இறங்காதது ஏன்?

கேள்வி: சராசரியாக 80 மைக்ரான் அளவுள்ள நுண்பொடிக்கு, அதைச் சேர்த்துவைத்து அடிவாய் வழியே இறக்கும் கூம்பு வடிவ ஹாப்பர் வடிவமைக்கிறேன். வாயின் விட்டம் 10 செ.மீ. துகளை 2 மி.மீ. ஆகப் பெரிதாக்கி, ஒவ்வொரு துகளின் அசைவையும் தனித்தனியே கணக்கிடும் டிஇஎம் சிமுலேஷன் ஓட்டினேன். குவியல் கோணம் (கொட்டிய பொடிக் குவியலின் சரிவு) ஆய்வகத்தில் அளந்ததோடு அப்படியே பொருந்தியது, பொடியும் தங்குதடையின்றி இறங்கியது. ஆனால் செய்துபார்த்த மாதிரி ஹாப்பரில் பொடி வாயருகே வளைவாக இறுகி, கமான் கட்டி நின்றுவிடுகிறது. எங்கே பிசகு?

பதில்: துகளைப் பெரிதாக்கிய இடத்தில்தான். பெரிதாக்கியதே தவறு என்று சொல்லவில்லை. பொருளின் அடர்த்தி கன மீட்டருக்கு 1500 கிலோ என்று வைத்தால், 80 மைக்ரான் துகள்கள் ஒரு கிலோவில் ஏறக்குறைய 250 கோடி இருக்கும். கண்டலும் ஸ்ட்ராக்கும் 1979-ல் விளக்கிய டிஇஎம் முறை, துகள்களின் ஒவ்வொரு தொடுகையின் விசையையும் ஒவ்வொரு சிறு நேரப்படியிலும் கணக்கிடுகிறது. 250 கோடிக்கு அது கட்டுப்படியாகாது. 2 மி.மீ. ஆக்கினால் 1.6 லட்சத்தில் முடிந்துவிடும்.

ஆனால் இரு துகள்களைப் பிரிக்கத் தேவைப்படும் விசை, ஒட்டும் துகள்களுக்கான ஜேகேஆர் கணக்கு மாதிரியில், விட்டத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடும். ஒரு சதுர செ.மீ. பரப்பில் உள்ள தொடுகைகளோ விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆக, துகளை 25 மடங்கு பெருக்கினால் பொடித் திரளின் ஒட்டுவலிமை 25-ல் ஒரு பங்காகிவிடும். துகள்கள் எவ்வளவு ஒட்டும் என்பதைத் தீர்மானிக்கும் பரப்பு ஆற்றலை மாற்றாமல் ஓட்டியிருந்தால், கணினியில் நீங்கள் பார்த்தது கிட்டத்தட்ட உலர்மணல்.

பரப்பு ஆற்றலை 25 மடங்கு உயர்த்தித் தொடங்குங்கள். சிலர் ஒட்டுவிசைக்கும் எடைக்குமான விகிதத்தைக் காப்பாற்றுவதாக எண்ணி 625 மடங்கு உயர்த்துவார்கள். ஹாப்பரும் துகளோடு சேர்ந்து பெரிதானால் அது சரி. ஹாப்பர் அதே அளவில் இருக்கும்போது பொடி களியாக இறுகி, எந்த வாயிலும் அடைத்துக்கொள்ளும்.

நேரப்படியைப் பெரிதாக்க, துகளின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகத்தைக் குறைத்தீர்களா என்றும் பாருங்கள். நூறில் ஒரு பங்காக்கினால் நேரப்படி பத்து மடங்கு கூடும், லாபம்தான். ஆனால் ஒட்டும் பொடியில், மோதிய மென்துகள் விடுபடாமல் ஒட்டிக்கொள்ளும். குறைத்தால் பரப்பு ஆற்றலையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

குவியல் கோணம் பொருந்தியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வழுக்கு உராய்வைக் கூட்டி உருளல் உராய்வைக் குறைத்தாலும், மாற்றிச் செய்தாலும், அதே கோணம் கிடைக்கும். தவிர, குவியலில் பொடி அழுத்தமே இல்லாமல் கிடக்கிறது. ஹாப்பரில் மேலிருக்கும் பொடி அழுத்தி இறுக்கிய பிறகுதான் அது நகர வேண்டும். எனவே பொடியை அழுத்திச் சறுக்கவைத்து வலிமையை அளக்கும் ஷியர் செல்லில் மூன்று நான்கு அழுத்தங்களில் அளந்து, அதே செல்லைக் கணினியில் கட்டி, இரண்டும் பொருந்தும்வரை மதிப்புகளைத் திருத்துங்கள். சுவர் உராய்வை ஹாப்பர் செய்யப்போகும் அதே தகட்டின் மீது தனியே அளக்க வேண்டும்.

உள்ளதைச் சொன்னால், கமான் கட்டுமா என்ற கேள்விக்கு டிஇஎம் தேவையே இல்லை. ஹாப்பர் வடிவமைப்புக்கு ஜெனிக் 1964-ல் தந்த வழி போதும். ஷியர் சோதனையிலிருந்து, வாயருகே பொடிக்கு இருக்கும் கட்டற்ற வலிமையை, அதாவது பக்கத் தாங்கல் இல்லாமல் அது தாங்கும் அழுத்தத்தை, எடுங்கள். அதைத் திரள் அடர்த்தியாலும் (துகள்களுக்கிடையிலான வெற்றிடத்தையும் சேர்த்த அடர்த்தி) புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்து, கூம்புக்கு ஏறக்குறைய இரண்டால் பெருக்கினால் வாயின் குறைந்தபட்ச விட்டம் வரும். உதாரணமாக வலிமை 600 பாஸ்கல், திரள் அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோ என்றால், ஏறத்தாழ 20 செ.மீ. உங்கள் 10 செ.மீ. வாயில் அந்தப் பொடி இறங்காது. எந்த மென்பொருளும் அதை மாற்ற முடியாது. நீள்பிளவு வாய் என்றால் ஏறக்குறைய பாதி அகலம் போதும்.

வாயளவை இப்படி முடிவு செய்துவிட்டு, கலவை பிரிகிறதா, திருகு ஃபீடர் சீராக இழுக்கிறதா என்பதற்கு டிஇஎம்மை வைத்துக்கொள்ளுங்கள். பொடி இரவு முழுக்க ஹாப்பரில் நிற்குமென்றால், ஷியர் சோதனையையும் அத்தனை நேரம் அழுத்தத்தில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். சில நொடி ஓட்டத்தைக் காட்டும் சிமுலேஷனில் அந்த இறுக்கம் தெரியாது.