ஒரே நட்சத்திரக் கூட்டத்தில் தெரியும் நட்சத்திரங்கள் உண்மையிலேயே அருகருகே இருக்கின்றனவா?

பெரும்பாலும் இல்லை. ஒரே திசையில் இருப்பதால் சேர்ந்தாற்போல் தெரிகின்றன. பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்காகக் கேட்கிறீர்கள் என்றால் இது போதும். நான் கேட்டை நட்சத்திரக்காரி. என்னால் இதோடு நிறுத்த முடியாது.

"கேட்டைப் பெண் மூத்த மைத்துனருக்கு ஆகாது" என்றே எனக்கு வந்த வரன்கள் தட்டிப்போயின. கடைசியில் ஜாதகம் கேட்காத வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். என் கணவரின் அண்ணன் எழுபதைத் தாண்டியும் திடகாத்திரமாக இருக்கிறார். இப்போது என் அண்ணன் மகளுக்கும் அதே நட்சத்திரம், அதே பேச்சு. ஒரு ஜூன் மாத இரவில் அண்ணியை மொட்டை மாடிக்கு அழைத்துப்போனேன்.

விருச்சிகத்தை அடையாளம் காண்பது எளிது. தேளின் தலையாக மூன்று நட்சத்திரங்கள், அடுத்துச் சிவப்பாகக் கேட்டை, பிறகு வளைந்து இறங்கும் வால். கேட்டை ஏறத்தாழ 550 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. உடல் வளையத் தொடங்கும் இடத்தில் உள்ள ஆரஞ்சு நட்சத்திரமோ சுமார் 65 ஒளியாண்டில். பார்வைக்கு இரண்டும் ஒரே தேள்! ஆனால் தலையில் உள்ள மூன்றும் கேட்டையும் மெய்யாகவே உறவு. ஒரே வாயு மேகப் பரப்பில் பிறந்தவை. அந்த மூன்றும் நீலவெண்மை, மேற்பரப்பு வெப்பம் 20,000 டிகிரிக்கு மேல். கேட்டைக்குச் சுமார் 3,400 டிகிரிதான், சூரியனைவிடக் குறைவு, அதனால்தான் சிவப்பு. ஆனால் ஊதிப் பெருத்த உடம்பு. சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு பெரிதா? அப்படியானால் ஆகாதுதான் போலிருக்கிறது" என்றார்.

ஜோதிடத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சந்திரனின் பாதையை 27 பங்காக வகுத்தவர்கள் வானத்தை நம்மைவிட உற்றுப் பார்த்தவர்கள். நான் பிறந்தபோது சந்திரன் கேட்டையின் பக்கம் நின்றது, அவ்வளவே. அந்தச் சந்திரனோ 3,84,000 கிலோமீட்டரில், ஒளிக்கு ஒன்றேகால் நொடித் தூரத்தில் இருக்கிறது.

நீங்களும் ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். தொலைநோக்கி வேண்டாம், மாடிக் கதவு திறந்திருந்தால் போதும். எங்கள் குடியிருப்பில் இப்போது அதையும் பூட்டிவிட்டார்கள். வடாம் காயவைக்க என்றால் செயலாளர் உடனே சாவி தருகிறார். நட்சத்திரம் பார்க்க என்றால் காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்.